யாழ்ப்பாணத்தில் பயணிகள் தங்குமறை, உள்ளே சுண்டெலி: விமான நிலையங்களில் என்னதான் செய்கிறார்கள்?

நல்லூர்ப் பெடியன் | செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். எலிக் கேள்வி என்று சிரிக்காமல் வாசியுங்கோ.

யாழ். நகரத்தில், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டியைப் பிடிக்க வருகிற ஆட்கள் இருக்கிற குளிரூட்டிய அறை ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். முதலாளி அதை ‘லவுஞ்ச்’ என்றுதான் சொல்லுவார். எங்கேயோ விமான நிலையத்தில் கண்டு ஆசைப்பட்டு வந்து, அதே மாதிரிச் செய்வித்தது. ஐந்து சோபா, பன்னிரண்டு கதிரை, ஒரு டிவி. மூலையில் தேத்தண்ணி, றோல்ஸ், பற்றிஸ் விற்கிற மேசை, அதற்குப் பின்னால் ஒரு பிரிட்ஜ். பின்னேரம் மூன்று மணிக்குத் திறந்தால் கடைசி வான் வெளிக்கிடும்வரை, இரவு பத்தரை மட்டும் ஆள் இருக்கும். கனடா, லண்டன் போகிற சனம். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஒடியல் மா, மிளகாய்த்தூள், பயற்றம் பணியாரம்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு அம்மா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு கத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சுண்டெலி, மூன்றாவது சோபாவுக்குக் கீழே ஓடி மறைந்தது. முதலாளி அடுத்த நாளே நீல நிற மருந்துக் கட்டி நாலு வாங்கித் தந்தார். மூலைக்கு ஒன்று வைத்தேன். ஆறாம் நாள் ஏசி போட்டவுடன் ஒரு நாற்றம். ஊதுபத்தி கொளுத்தினேன், இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். சீலிங் பலகை நாலைக் கழற்றித்தான் செத்ததை எடுத்தேன். அன்றைக்கு வந்த சனத்துக்குக் காசு திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் எலி குறையவில்லை. போன சனிக்கிழமை ஒரே நேரத்தில் இரண்டைக் கண்டேன்.

இதெல்லாம் பரவாயில்லை. ரொறன்ரோவுக்குப் போன ஒரு குடும்பம் அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். பணியாரப் பக்கற்றில் ஓட்டை, பக்கத்தில் புழுக்கை. அந்தப் பெட்டி எங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் நிலத்தில் கிடந்தது எனக்கு நல்ல ஞாபகம். எலியும் சேர்ந்து கனடா போய்விட்டதோ என்று முதலாளிக்கு இரவில் நித்திரை இல்லை. எனக்கும்தான்.

என் கேள்வி இதுதான். பெரிய விமான நிலையங்களில் எங்களைவிட நூறு மடங்கு சாப்பாடு, சோபா, பெட்டி. அங்கேயும் எலி இருக்கிறது என்று மச்சான் சொல்லுகிறார். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? சுவரில் செருகினால் எலிக்கு மட்டும் கேட்கும் சத்தம் போடுகிற கருவி ஒன்று 3,500 ரூபாய்க்கு இருக்கிறது, வாங்கலாமா? நோய் வருமா? சனம் எலிக்காய்ச்சல் என்று பயப்படுகிறது.


வதிரிச் சந்தி | செவ்வாய் இரவு

பூனை வளருங்கோ தம்பி. எங்கள் கடையில் ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது, ஏழு வருஷமாக ஒரு எலி கிடையாது. மருந்தும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு துண்டு சூடை மீன் போதும்.


பழைய பொறிக்காரன் | புதன் காலை

தம்பி, இந்தத் தொழிலில் நான் பதினேழு வருஷம் இருந்தவன். வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையம், அதன் பெயர் எனக்கும் வேண்டாம். பொறி காவுகிற கூலியாகப் போய் இரவு மேற்பார்வையாளராக முடித்தேன். இப்போது மாதகலில் வெங்காயம் நடுகிறேன். உம்முடைய கேள்வியைப் பார்த்ததும் பழைய கை அரிக்கத் தொடங்கிவிட்டது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

மச்சான் சொன்னது சரி. சனமும் சாப்பாடும் வந்து போகிற கட்டடம் எதுவாக இருந்தாலும் எலி வரும். எங்கள் ஆட்கள் பகலில் கண்ணில் படமாட்டார்கள், அதனால் சனத்துக்குத் தெரிவதில்லை. இரவு ஒரு மணிக்குப் பிறகு, முழங்காலில் ரப்பர் கட்டிக்கொண்டு, ரோச்சோடு சோபாவுக்குக் கீழே படுத்துக் கிடப்போம்.

நீர் கண்டது சுண்டெலி. பெரிய வீட்டு எலி, அகிழான் எல்லாம் வேறு சாதி, வேறு புத்தி. பெரிய எலி புதுச் சாமானைக் கண்டால் நாள்கணக்கில் கிட்டப் போகாது. அதற்குப் பொறியைக் கட்டாமல் வெறும் தீனியோடு சில நாள் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலி அப்படி இல்லை, விடுப்புப் பார்க்கிற பிறவி. புதிதாக ஒன்றை வைத்தால் அன்று இரவே மூக்கை நீட்டும். ஆனால் அது தன் கூட்டை விட்டு மூன்று நாலு மீற்றர், மிஞ்சினால் பத்து மீற்றர்தான் போகும். மூன்றாவது சோபாவுக்குக் கீழே ஓடினது என்றால், அநேகமாக அந்தச் சோபாவுக்குள்தான் குடியிருக்கிறது.

ஒரு நாளைக்கு மூன்று கிராம் தின்றால் அதற்கு வயிறு நிரம்பிவிடும். ஒரு பற்றிஸ் விளிம்பு. அந்த மூன்று கிராமையும் ஓரிடத்தில் இருந்து தின்னாது, இருபது முப்பது இடத்தில் கொறித்துக்கொண்டு திரியும். தண்ணீர் தேடிப் போகவும் தேவையில்லை, சாப்பாட்டில் இருக்கிற ஈரமே போதும். அப்படிப்பட்டதற்கு அறையின் நாலு மூலையில் நாலு கட்டி வைத்து என்ன பயன்? ஒன்று தின்றது, மற்றவை அந்தப் பக்கமே வரவில்லை. தின்றதும் உடனே சாகாது. அந்த நீலக் கட்டி அநேகமாக இரத்தம் உறையாமல் செய்கிற மருந்து, நாலைந்து நாள் எடுக்கும். அதற்குள் சீலிங்குக்கு ஏறிவிடும். மீதியை நீர் மூக்கால் கண்டுபிடித்தீர்.

விமான நிலையத்தில் மருந்து வெளியே, பொறி உள்ளே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். வெளிச் சுவரைச் சுற்றி, பூட்டுப் போட்டு, நிலத்தோடு இறுக்கி, நம்பர் அடித்த மருந்துப் பெட்டிகள் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2005 ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார விதிகளில், பயணிகளும் விமானமும் சரக்கும் புழங்குகிற இடத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீற்றருக்கு நோய் காவும் பிராணிகளைக் கட்டுப்படுத்தும் திட்டம் வேண்டும் என்று இருக்கிறது. ஓடுபாதைப் பக்கத்துப் புல்லையும் சும்மா விடமாட்டார்கள். புல்லுக்குள் எலி பெருகினால் அதைப் பிடிக்கப் பருந்தும் ஆந்தையும் வரும், பருந்து வந்தால் விமான இயந்திரத்துக்குள் போகும். எலிக்குப் பயப்படாத விமானி இருக்கலாம், பறவைக்குப் பயப்படாதவர் இல்லை.

அதற்கு உள்ளே சரக்கு இறக்குகிற கதவு, குப்பை அறை, பெட்டி வருகிற பட்டியின் வாய். எலி உள்ளே வருகிற பாதை பெரும்பாலும் இவைதான். பட்டியின் வாயில் ரப்பர்க் கீலங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர், அதில் ஒன்று கிழிந்து ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் போதும். பிறகு சீலிங்கில் கேபிள் போகிற தட்டு இருக்கிறதே, அது எலிக்கு ஏ9 வீதி.

கடைசியாக லவுஞ்ச். எங்களுக்கு மிகவும் தலையிடி தந்த இடம் சாப்பாட்டுக் கடைத் தெரு என்று நினைப்பீர். இல்லை, லவுஞ்ச்தான். கடைத் தெருவில் வெறும் ஓடு, இரும்புக் கதிரை, கழுவிவிட்டால் முடிந்தது. லவுஞ்சில் கம்பளம், மெத்தைச் சோபா, மங்கல் வெளிச்சம், இருபத்துநாலு மணித்தியாலமும் சாப்பாடு. காசுள்ளவர் மடியில் வைத்துச் சாப்பிட்டாலும் துகள் சோபா இடுக்குக்குள்தான் போகும். துப்புரவாக்குகிற பிள்ளைகள் மேலே துடைப்பார்கள், சோபாவைத் தூக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, உத்தரவும் இல்லை. ஒருமுறை சோபா ஒன்றைக் கவிழ்த்து, அடியில் அடித்திருக்கிற கறுப்புத் துணியைக் கழற்றினேன். உள்ளே பஞ்சைக் கிழித்து, ரிஷு கடதாசி, விமானம் ஏறும் சீட்டுத் துண்டு எல்லாம் சேர்த்துப் பின்னின கூடு. நடுவில் இளஞ்சிவப்பாக ஐந்து குஞ்சு. அன்று இரவு முழுக்க நூற்றுப்பதினாலு சோபா கவிழ்த்தோம். இடுப்பு இன்றைக்கும் அதைச் சொல்லும்.

உமக்கு ஐந்துதான். இன்றைக்கே கவிழ்த்துப் பாரும்.

அடுத்தது பென்சில். ஒரு சாதாரணப் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகத் தவழ்ந்து போம். பென்சில் நுழைகிற ஓட்டை எதுவானாலும் சுண்டெலியும் நுழையும். ஆறு ஏழு மில்லிமீற்றர் அதற்குத் தாராளம், தலை போனால் உடம்பும் போய்விடும். கதவுக்குக் கீழே, ஏசிக் குழாய் சுவரைத் துளைக்கிற இடம், தண்ணீர்க் குழாய், பிளக் பெட்டி. கண்ட இடத்திலெல்லாம் சோக்கால் வட்டம் போடும். அடைக்கிறதற்கு வெறும் பஞ்சும் தெர்மோகோலும் வேண்டாம், கொறித்துப்போடும். பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து, அதற்கு மேல் சீமெந்து அல்லது சிலிக்கோன். கதவுக்குக் கீழே அடர்த்தியான பிரஷ் பட்டி, ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும்.

பொறி பற்றி. நாலு வேண்டாம், பதினாலு வையும். பழைய மரப் பொறியே போதும். சுவரோடு ஒட்டி, தீனி இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்க, இரண்டு மீற்றருக்கு ஒன்று. சுண்டெலி நடு அறையால் நடக்காது, மீசை சுவரில் உரசினால்தான் அதற்கு நிம்மதி. தீனிக்கு அம்மம்மா காலத்துச் சுட்ட தேங்காய்ச் சொட்டு நல்லது, வறுத்த கச்சானை அரைத்துப் பூசினால் இன்னும் நல்லது. பயறளவு போதும். கூடப் பூசினால் பொறி அடிக்காமல் நக்கிவிட்டுப் போகும். பகலில் சனம் இருக்கும்போது எடுத்துவிடும், கால் விரல் கவனம்.

ஒட்டுப் பலகை வேண்டாம். நாங்களும் வைத்தோம், ஆனால் விடிய விடிய அது கத்துகிற சத்தம் கேட்டால் பொறிக்காரனுக்கே மனம் வராது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 இலிருந்து பொதுமக்கள் அதைப் பாவிக்கவே சட்டத்தில் இடமில்லை.

சத்தக் கருவிக்கு 3,500 ரூபாய் கொடுக்காதேயும். அந்தச் சத்தம் சோபாவையும் சுவரையும் தாண்டிப் போகாது, எலியும் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001 இல் இப்படிக் கருவி செய்கிற, விற்கிற அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சொல்வதற்கு விஞ்ஞான ஆதாரம் வைத்திருங்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் காசுக்கு எத்தனை பொறி வாங்கலாம் என்று கணக்குப் பாரும்.

கடைசியாக ஒரு கொப்பி. அறையின் படத்தைக் கீறி, பொறி ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, காலையில் எதில் என்ன என்று எழுதும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலையாளி, வாயைத் திறந்தாலே “சைபரையும் எழுது” என்பார். பிடிபடாத பொறியையும் எழுத வேண்டும். பத்து நாள் கழித்துப் படத்தைப் பார்த்தால் எலி எங்கே இருக்கிறது என்று படமே காட்டும். நான் எத்தனையோ வருஷம் இரவில் படுத்துக் கிடந்து கற்றதில் பாதி அந்தக் கொப்பியால் வந்தது.

பணியாரப் பெட்டிக்கு ஒரு இரும்பு ராக்கை செய்வியும். சுண்டெலி நின்ற நிலையில் ஒரு முப்பது சென்ரிமீற்றர் பாயும், அதனால் முதல் தட்டு நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. கால் வழுவழுப்பான குழாயாக இருக்கட்டும், சுவரோடு ஒட்டாமல் நிற்கட்டும்.


கரவெட்டி அக்கா | புதன் மதியம்

பொறிக்கார அண்ணை எழுதினது அருமை. நான் சுகாதாரத் துறையில் இருக்கிறேன், நோய் பற்றின கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சனம் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் எங்கள் பக்கம் பரவி உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான். வெள்ளம் வடிந்த கையோடு வந்தது. கிருமி எலியின் சிறுநீரில் இருக்கும். வயலிலும் வெள்ளத்திலும் கலந்து, காலில் இருக்கிற வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போகும். அதற்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஆகவே குளிரூட்டிய, காய்ந்த அறையில் சோபாவில் இருந்தவருக்கு அது வருவது அரிது. உங்கள் அறையில் உண்மையான கவலை சாப்பாட்டு மேசைதான். எலி நடந்த தட்டில் வைத்த றோல்ஸ் வழியாக சல்மொனெல்லா வரும், வயிற்றோட்டம் வரும். றோல்ஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கோ. இரவில் மேசையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. எலி தொட்டது என்று தெரிந்தால் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்கிற வேலை வேண்டாம், முழுக்கக் கொட்டுங்கோ.

புழுக்கையைத் தும்புத்தடியால் கூட்டாதேயுங்கோ. சோபா கவிழ்க்கச் சொன்ன அண்ணை இதைச் சொல்ல மறந்துவிட்டார். ஒரு சுண்டெலி நாளைக்கு ஐம்பதுக்குமேல் புழுக்கை போடும், உலர்ந்ததைக் கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, கடதாசியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கோ. செத்த எலிக்கும் அதே முறைதான்.

மருந்துக் கட்டி மிச்சம் இருந்தால் பூட்டி வையுங்கோ. சின்னப் பிள்ளைகள் வருகிற இடம். அந்த நீலக் கட்டிக்காவது விற்றமின் கே1 என்று மாற்று மருந்து இருக்கிறது. சிலர் கறுப்புப் பொடி ஒன்றை மாவில் பிசைந்து வைக்கிறார்கள், சிங்க் பொஸ்பைட். அது வயிற்றுக்குள் போய்ப் பொஸ்பீன் வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதைக் கையால் தொடாதேயுங்கோ.

வதிரி அண்ணை, பூனை உங்கள் கடைக்குச் சரி. சாப்பாடு விற்கிற அறைக்குள் பூனையையும் நாங்கள் விடமாட்டோம். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே கதிதான்.


வதிரிச் சந்தி | புதன் பின்னேரம்

சரி அக்கா, பூனையை வாபஸ் வாங்குகிறேன். பொறிக்கார அண்ணை, ஒரு சந்தேகம். சுண்டெலி உண்மையாகவே விமானத்தில் ஏறிப் போகுமா? அந்தப் பணியாரம் தின்றது இப்போது ரொறன்ரோவில் பனிக்குள் நிற்குமா?


பழைய பொறிக்காரன் | புதன் இரவு

அக்கா சொன்னது சரி. கூட்டக் கூடாது என்பதை நான் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அங்கே முகமூடி போட்டுத்தான் வேலை செய்தோம், பழக்கத்தில் விட்டுப்போய்விட்டது.

வதிரி, ஏறும். சாப்பாட்டு வண்டியோடு ஏறும், சரக்கோடு ஏறும். 2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து வந்த ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஏ330 ஒன்றில் எலியைக் கண்டு, மூன்று நாள் விமானத்தை நிலத்தில் நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் செப்ரெம்பரில் ஒஸ்லோவிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் போன ஸ்கண்டிநேவிய விமானம் ஒன்றில், பயணி ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க உள்ளேயிருந்து சுண்டெலி பாய்ந்தது. கொப்பன்ஹேகனில் இறக்கி வேறு விமானத்தில் அனுப்பினார்கள். ஒரு எலிக்கு இவ்வளவா என்று கேட்பீர். எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். விமானத்துக்குள் அதற்குக் கிடைப்பது வயர். அது எந்த வயர் என்று பார்க்காமல் எந்த எஞ்சினியரும் கையெழுத்துப் போடமாட்டார்.

கப்பலில் இது பழைய கதை. கரையில் கட்டுகிற கயிற்றில் வட்டத் தகரம் ஒன்று கோத்திருப்பார்களே, எலி ஏறாமல் இருக்கத்தான் அது. விமானத்துக்குக் கயிறு இல்லை, அதனால் நாங்கள் தவழ்ந்தோம்.

பணியார எலி கனடா போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். தம்பி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாரும். எத்தனை புழுக்கை?


நல்லூர்ப் பெடியன் | புதன் இரவு

எண்ணினேன் ஐயா. ஏழு.


பழைய பொறிக்காரன் | புதன் இரவு

வான் வண்டியில் ஒரு இரவு, விமானத்தில் ஒரு நாள். உள்ளே இருந்திருந்தால் ஐம்பது அறுபது கிடந்திருக்கும். உங்கள் அறையில் ஏறி, தின்றுவிட்டு, பெட்டி வானுக்குப் போகுமுன் இறங்கிவிட்டது. முதலாளியை நித்திரை கொள்ளச் சொல்லும்.


நல்லூர்ப் பெடியன் | இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு

ஐயா, அக்கா, வதிரி அண்ணை, எல்லாருக்கும் நன்றி. கணக்குச் சொல்ல வந்தேன்.

சோபா ஐந்தையும் கவிழ்த்தோம். மூன்றாவதில் கூடு இல்லை! ஆனால் அடித்துணியில் ஓட்டை, உள்ளே ஒரு கைப்பிடி மிக்சர், பற்றிஸ் கோது, அரைவாசி தின்ற மஞ்சள் பூசணி விதை. அது சாப்பாட்டு அறை போல. கூடு இருந்தது பிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டர் சூட்டில். வான் ரிக்கற் துண்டும், நாங்கள் தேடித் திரிந்த மஞ்சள் ஸ்பொஞ்சும், என்னுடைய பழைய முகக்கவசத்தின் வார் ஒன்றும் சேர்த்துக் கட்டியிருந்தது. அக்கா சொன்ன மாதிரி பிளீச் தெளித்துத்தான் எடுத்தேன்.

பென்சில் நுழைந்த இடம் ஒன்பது. பெரியது ஏசிக் குழாய் சுவரைத் துளைக்கிற இடம். பூட்டின பெடியள் கறுப்பு ஸ்பொஞ்சை மட்டும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை எலி தின்று ஒரு வாசலே செய்துவிட்டது. வெளியே அதற்கு நேர் கீழே பக்கத்துக் கடையின் குப்பை வாளி. அவர்களிடம் கதைத்து மூடி போடச் சொல்லியிருக்கிறேன். போட்டார்கள் ஆனால் கல் வைக்கவில்லை, நாய் தள்ளிவிடுகிறது. அது தனிப் போராட்டம்.

பதினாலு பொறி வைத்தேன். முதல் இரவு மூன்று, அடுத்த இரவு இரண்டு, பிறகு ஒன்று ஒன்றாக. மொத்தம் எட்டு. எட்டில் ஐந்து 9 ஆம் பொறியிலும் 10 ஆம் பொறியிலும், அவை இரண்டும் பிரிட்ஜுக்கு இரண்டு பக்கமும். கடைசி ஐந்து நாள் எல்லாம் சைபர், சைபரையும் எழுதினேன்.

இடையில் ஒரு குழப்பம். கூண்டுப் பொறி ஒன்றைப் பின்கதவில் வைத்தேன், அதில் நீளமூக்கோடு ஒன்று விழுந்து கீச்சுக் கீச்சென்று கத்தியது. மூஞ்சூறு. அறை முழுக்க அதன் மணம். முதலாளி பிள்ளையாரின் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, என்னைக் கொண்டுபோய்ப் பற்றைக்குள் விடச் சொன்னார். விட்டேன்.

முதலாளிக்குச் செலவு கொஞ்சம் எரிச்சல்தான். ராக்கைக்கு மட்டும் இருபத்தோராயிரம். ஆனால் நேற்று ஒருவர் பெட்டியைத் தூக்கி ராக்கையில் வைத்துவிட்டு, “இது நல்லாயிருக்கு, எயார்போட்டில் கூட இல்லை” என்றார். அதற்குப் பிறகு முதலாளி செலவைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஐயா, பொறிகளை இனி எடுக்கலாமா?


பழைய பொறிக்காரன் | ஞாயிறு இரவு

எடுக்காதேயும். பொறி எல்லாம் இன்னும் இரண்டு கிழமை இருக்கட்டும். பிறகு 9 ஐயும் 10 ஐயும் நிரந்தரமாக வையும், மற்றவற்றை எடும். சினைப்பட்டால் மூன்று கிழமையில் குட்டி போடும், ஒரு பெட்டை தப்பியிருந்தாலும் நீர் முதலிலிருந்து தவழ வேண்டிவரும். ஏசிக் குழாய்க்குச் சீமெந்து பூசினீரா, சிலிக்கோன் மட்டும்தானா? பிரிட்ஜை இன்றைக்கு இன்னொருதரம் இழுத்துப் பாரும்.

மூஞ்சூற்றை விட்டது நல்லது. அது கரப்பான் தின்னும்.


நல்லூர்ப் பெடியன் | ஞாயிறு இரவு

சீமெந்துதான் ஐயா, உள்ளே கம்பிச் சுருளும் வைத்தேன். பிரிட்ஜை இப்போதுதான் இழுத்தேன். ஒரு புழுக்கைகூட இல்லை. போன கிழமை தொலைத்த பென்சில் கிடந்தது.